கொடைமடம்: காப்ராவின் டீட்சும் கலைவாணரின் நல்லதம்பியும்

நகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்து ஓதினார் தொல்காப்பியனார். அது பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என வகுத்தவர், எள்ளலையும் இளமையையும் கூறியதோடு அமையாது, பேதைமையையும் மடத்தையும் உடன் சேர்த்தார். இவற்றுள் மடம் என்னும் சொல் தமிழில் இழிவை மட்டும் குறித்து நிற்பதன்று. குளிரால் நடுங்குமே என்று மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை நிறுத்திவிட்டு நடந்த பாரியையும் நம் முன்னோர் எள்ளி ஒதுக்கவில்லை. பேகனைப் பாடிய பரணர் ‘கொடைமடம்’ என்றொரு சொல்லையே புறநானூற்றில் நமக்கு வைத்துச் சென்றார். வாங்குவது யார், அதற்கு இப்பொருள் பயன்படுமா, கொடுத்தவனுக்கு மீள்வது என்ன என்று எண்ணிப் பாராமல் வழங்கும் அறியாமை அது. அரசனுக்குப் போர்க்களத்தில் ஆகாத அறியாமை, கொடையில் அவனுக்கு அணியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் ஒருவன் மயிலுக்குப் போர்வை கொடுத்தால் என்ன நேரும்? உறவினர் வழக்கறிஞரை நாடுவர். மருத்துவர் சான்றிதழ் எழுதுவார். ‘இவர் சித்தம் தெளிவில்லாதவர், சொத்தை ஆளும் தகுதியற்றவர்’ என்று நீதிமன்றத்தில் விண்ணப்பம் புகும். வேடிக்கைக்காக நாம் இவ்வாறு கூறவில்லை. 1936ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் வெளிவந்த ஒரு நகைச்சுவைப் படத்தின் கதையே இதுதான். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அக்கதையின் வித்து தமிழ் மண்ணில் விழுந்து வேறொரு செடியாக முளைத்தது. அவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்பது அந்த ஆங்கிலப் படத்தின் பெயர். திரு. டீட்ஸ் நகரத்துக்குப் போகிறார் என்று தமிழில் சொல்லலாம். இயக்கியவர் பிராங்க் காப்ரா. திரைக்கதை எழுதியவர் ராபர்ட் ரிஸ்கின். டீட்சாக நடித்தவர் கேரி கூப்பர். வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்த்து அட்டைகளுக்குக் கவிதை எழுதியும், ஊர் இசைக்குழுவில் டியூபா என்னும் பெரிய ஊதுகுழலை ஊதியும் நாளைப் போக்கும் ஒருவனுக்கு, முகமே அறியாத மாமன் விட்டுச்சென்ற இரண்டு கோடி டாலர் சொத்து வந்து சேர்கிறது. நியூயார்க்கு நகரத்து மாளிகையில் அவனைக் குடியேற்றுகிறார்கள். வழக்கறிஞர் கூட்டம் ஒருபுறமும், அவனை நகைப்புக்கிடமாக்கிச் செய்தி எழுதும் பத்திரிகைப் பெண் ஒருபுறமுமாக அவனைச் சூழ்கின்றனர். அப்பெண்ணாக நடித்தவர் ஜீன் ஆர்தர். நிலமிழந்த உழவன் ஒருவன் கையில் துப்பாக்கியோடு ஒருநாள் மாளிகைக்குள் புகுந்து, பசித்தவர் இத்தனை பேர் இருக்க உனக்கேன் இத்தனை செல்வம் என்று கதறும்போது படம் வேறு பாதையில் திரும்புகிறது. வேலையற்ற உழவர் குடும்பங்களுக்குத் தலா பத்து ஏக்கர் நிலம், ஒரு குதிரை, ஒரு பசு, விதை ஆகியவற்றைக் கொடுப்பதென்றும், மூன்றாண்டு உழைத்துப் பயிரிட்டால் நிலம் அவர்களுக்கே சொந்தமென்றும் டீட்ஸ் திட்டமிடுகிறான். அந்நொடியே அவன் பைத்தியக்காரன் ஆகிவிடுகிறான்!

நீதிமன்றத்தில் அவன்மேல் சாட்டப்படும் குற்றங்களுள் ஒன்று நம்மைப் புன்முறுவல் பூக்க வைப்பது. நகரத்து வீதியில் நின்ற குதிரையொன்றுக்கு டோநட் என்னும் வளையப் பணியாரத்தை அவன் ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டினானாம். மயிலுக்குப் போர்வை என்றால் பாட்டு. குதிரைக்குப் பணியாரம் என்றால் வழக்கு! இடையில் ஈராயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காலத்தால் மட்டும் வந்ததன்று. பேகனின் செல்வம் அவனுடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. டீட்சின் செல்வமோ, தங்களுக்கு வரவேண்டியது என்று கருதியிருந்தோர் கண்முன்னே அவன் கையிலிருந்து வழுவிப்போகிறது. அவனுடைய அறிவு பற்றிய கவலை அங்கிருந்தே பிறக்கிறது.

நெடுநேரம் வாய் திறவாதிருந்த டீட்ஸ் இறுதியில் பேசத் தொடங்கும்போது, தன் கொடைக்கு அவன் காட்டும் நியாயம் கருதத்தக்கது. ஒருவன் நீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறான். மற்றொருவன் படகில் அமர்ந்து துடுப்புப் போடச் சலித்து, யாரேனும் இழுத்துச் செல்லமாட்டார்களா என்கிறான். இருவருள் யாருக்கு முதலில் கைகொடுப்பது? இதற்குப் பத்து வயதுப் பிள்ளையும் விடை சொல்லும் என்கிறான் அவன். நீதிபதி, இந்த மன்றத்தில் இதுவரை அடியெடுத்து வைத்தவர்களுள் மிகத் தெளிந்த அறிவுடையவர் நீர்தாம் என்று தீர்ப்பளிக்கிறார்.

இதன் பின்னணியை அறிதல் வேண்டும். 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. 1933இல் அந்நாட்டு உழைப்பாளருள் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அவ்வாண்டு பதவியேற்ற ரூசவெல்ட்டு ‘புதிய ஏற்பாடு’ என்னும் பெயரால் அரசே மக்களுக்கு வேலையும் உதவியும் தரும் திட்டங்களை வகுத்தார். அரசு இவ்வாறு கொடுக்கலாமா, கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாக மாட்டார்களா என்ற வழக்காடல் நாடெங்கும் நடந்தபோதுதான் இப்படம் வந்தது. சிசிலியில் பிறந்து, 1903இல் ஆறு வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் அமெரிக்காவில் வந்திறங்கிய காப்ரா, ரூசவெல்ட்டின் எதிர்க்கட்சியாகிய குடியரசுக் கட்சிப் பக்கம் நின்றவர். ரிஸ்கினோ ரூசவெல்ட்டின் ஆதரவாளர். இரு வேறு மனங்கள் சேர்ந்து எழுதிய கொடையாதலின் அதில் இரண்டு குரல்களும் கேட்கின்றன. செல்வம் பங்கிடப்பட வேண்டும் என்பது ஒரு குரல். ஆனால் சட்டத்தால் அன்று, நல்லவன் ஒருவன் மனமிரங்கியே அது நடக்கவேண்டும், வாங்குபவனும் மூன்றாண்டு உழைத்துத் தகுதி காட்டவேண்டும் என்பது மற்றொரு குரல். அந்த உழவன் நிலத்தை ஏன் இழந்தான் என்ற கேள்வியைப் படம் கேட்கவில்லை. அவ்வாண்டின் சிறந்த இயக்குநர் விருதைக் காப்ரா பெற்றார். விருதுக்குரிய படமே. எனினும் இக்குறையை நாம் சொல்லாமல் விடுதற்கில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் என்று விரிந்து கிடக்கும் பெங்களூர்த் தண்டுப் பகுதி, 1947 வரை மைசூர் மன்னரின் ஆட்சியில் இல்லாமல் ஆங்கில ரெசிடெண்டின் கீழ் இருந்த நிலம். 1809இல் படைமுகாம் அமைந்த நாள் தொட்டுச் சென்னைப் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. இங்கு வாழ்ந்த தமிழருக்கு இரண்டு வெள்ளித்திரைகள் இருந்தன எனலாம். பின்னாளில் மகாத்மா காந்தி சாலை எனப் பெயர் பெற்ற தெற்குப் பரேடு வீதியில், டீட்ஸ் படம் வந்த அதே 1936இல் எழுந்த பிளாசா ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போனது. பிரேசர் டவுன் எவரெஸ்டில் தமிழ்ப் படம் பார்க்க முடிந்தது. பிளாசா இன்று இல்லை; மெட்ரோ இரயில் அவ்வழியே ஓடுகிறது. ஓர் ஆங்கிலக் கதை எவ்வாறு தமிழாகிறது என்பதை, இரண்டு திரைகளுக்கும் நடுவே வளர்ந்த தண்டுத் தமிழரைப் போல் உணர்ந்து பார்க்கத் தக்கவர் வேறு யார்?

1949இல் வெளிவந்தது ‘நல்லதம்பி’. கதை வசனம் அறிஞர் அண்ணா. அவர் திரைக்கு எழுதிய முதற்படம் இதுவே. இயக்கியவர்கள் கிருஷ்ணன் – பஞ்சு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனே நல்லதம்பி. டி. ஏ. மதுரம், பி. பானுமதி, எஸ். வி. சகஸ்ரநாமம் ஆகியோர் உடன் நடித்தனர். டீட்ஸ் என்னும் பெயருக்கு ஆங்கிலத்தில் செயல் என்றும் சொத்துப் பத்திரம் என்றும் பொருளுண்டு. அப்பெயருக்கு ஈடாக அமைந்தது போல நல்லதம்பி என்னும் பெயரும் குணத்தையே சொல்லி நிற்கிறது. எதிர்பாராத செல்வம் கைக்கு வரப்பெற்ற எளிய மனிதன் என்னும் வித்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நியூயார்க்கு மாளிகையைச் சமீனாக்கினார் அண்ணா. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்தில் சமீன் முறை ஒழிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை அது. அமெரிக்கப் படத்தில் நல்ல மனிதன் மனமிரங்கிச் செய்த ஒன்றை, இங்கே சட்டமன்றம் சட்டமாகவே செய்துகொண்டிருந்தது. ஆகவே நிலத்தைப் பகிர்ந்தளிப்பது ஒன்றே நல்லதம்பிக்குப் போதிய வேலையாக இல்லை.

அவன் செய்த வேலை சீர்திருத்தம். அதிலும் முதன்மையாக மதுவிலக்கு. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது, 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுமைக்கும் மதுவிலக்கு நீட்டிக்கப்பட்டது. நான்கு திங்கள் கழித்து வந்த படம் இது. அமெரிக்காவிலோ பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த மதுவிலக்கு 1933இல் கைவிடப்பட்டிருந்தது. எனவே காப்ராவின் டீட்ஸ் குடித்துவிட்டுக் கூத்தடிப்பது அவையோர்க்கு வெறும் நகை. குதிரைக்குப் பணியாரம் ஊட்டியதும் அவ்விரவில்தான். கலைவாணருடைய நகைச்சுவையில் குடி நகைக்குரியதாயினும் அந்நகைக்குப் பின்னே ஒரு குடிசை தெரியும். அங்கே உலை ஏறாமல் காத்திருக்கும் பெண் தெரிவாள். ஒரே கதை ஏழு கடல் கடந்தபோது கொடையின் பொருளே மாறிவிட்டது. ஏழைக்குப் பணத்தைக் கொடுப்பதைக் காட்டிலும், அவன் பணத்தைப் பறிக்கும் கடையை மூடுவது பெரிய கொடை என்று இப்படம் கூறிற்று.

கலை நோக்கில் பார்த்தால், காப்ராவின் படம் நம் படத்தினும் கட்டுக்கோப்பு மிக்கது. முக்கால் பங்கு சிரிக்கவிட்டு, கடைசிக் கால்மணியில்தான் அறம் பேசுகிறது. நல்லதம்பியோ கதையை அடிக்கடி நிறுத்தி வைத்துவிட்டுப் போதிக்கப் போய்விடுகிறது. அக்காலத்து மேடைப் பேச்சின் சாயல் அது. ஆயினும் அவ்வாறு நிறுத்திய ஓரிடத்தில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. அதுவே ‘கிந்தனார்’ காலட்சேபம்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை அறியாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் இல்லை. ஆண்டையிடம் விடைபெற இயலாமல் தவித்து, நாளைப் போகலாம் என்று காத்துக் கிடந்து, தில்லையில் தீப்புகுந்து இறைவனடி சேர்ந்தவர் நந்தனார். அந்தக் கதாகாலட்சேப வடிவத்தையே எடுத்து, சிப்ளாக் கட்டையும் பின்பாட்டுமாக, உடுமலை நாராயண கவியின் பாடல்களோடு கலைவாணர் கிந்தனாரைப் படைத்தார். கிந்தன் ஒரு தாழ்த்தப்பட்ட சிறுவன். அவன் ஏங்குவது தில்லைக்கு அன்று, பள்ளிக்கூடத்துக்கு. வாத்தியாரிடம் அடிபட்டவன் இரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக அதே ஊருக்குத் திரும்புகிறான். நந்தன் தீயினுள் புகுந்து தூயவனாக வேண்டியிருந்தது. கிந்தனுக்கு மூன்றாம் வகுப்பு இரயில் வண்டியே போதுமானதாயிற்று.

இதில் வள்ளல் எங்கே? கிந்தனுக்குப் பத்து ஏக்கரும் பசுவும் எவரும் கொடுக்கவில்லை. படத்தின் தலைவனே கொடையாளியாயிருக்க, அவன் வாயிலாகவே கொடையாளி தேவைப்படாத ஒருவனின் கதை சொல்லப்படுகிறது. இந்த முரணை அண்ணாவும் கலைவாணரும் திட்டமிட்டுச் செய்தார்களோ, அன்றி மேடையில் நன்கு எடுபட்ட ஒன்றைப் படத்திலும் சேர்த்தார்களோ, எவ்வாறாயினும் காப்ரா கேளாமல் விட்ட கேள்வியை அது கேட்டுவிட்டது. ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களாகிய நமக்கு அவ்விரயிலின் ஒலி நன்றாகவே கேட்கும். ஜோலார்பேட்டை வழியே தண்டு நிலையத்துக்கு 1864 முதல் வண்டி வந்துகொண்டிருக்கிறது. அதில் ஏறி வந்தவர்களுள் நிலத்தை இழந்தவரும் உண்டு; ஊரில் தெருவுக்குள் நடக்க இசைவு பெறாதவரும் உண்டு. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று இம்மலரைப் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

கலைவாணரின் வாழ்வைச் சிறிது சொல்லவேண்டும். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராச பாகவதரோடு தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறு விசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் குற்றமற்றவர் என விடுதலை பெற்றவர். அவர் சிறையில் இருந்தபோது மதுரமும் சகஸ்ரநாமமும் அவர் நிறுவனத்தைத் தாங்கி நடத்தி எடுத்த படத்தின் பெயர் ‘பைத்தியக்காரன்’. டீட்ஸ் மீதான வழக்கை நினைத்தால் இத்தலைப்பு தற்செயலாய் அமைந்த பொருத்தமாகத் தோன்றும். கலைவாணர் பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளில் தோய்ந்தவர். காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் தம் செலவில் அவருக்கு நினைவுத் தூண் எழுப்பியவரும் அவரே. ரிஸ்கினும் காப்ராவும் இருவராக நின்று செய்ததை இவர் ஒருவராகவே செய்தார் போலும்.

அவர் கொடை பற்றிய கதைகள் பல. அவற்றுள் ஒன்று, நாள்தோறும் கோப்புகளோடு பழகும் நம்போன்றார்க்கு மிகவும் உவப்பானது. கணக்கில் தருமம் என்று எழுதிய தொகைகளுக்குச் சீட்டில்லையே என்று வருமான வரி அதிகாரி ஒருவர் ஐயுற்று, தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல், மகள் திருமணத்துக்கு உதவி வேண்டும் ஏழையைப் போலக் கேட்டாராம். வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று உடனே விடை வந்ததாம். அதிகாரி அதன்பின் சீட்டுக் கேட்கவில்லை என்று செவிவழியாகச் சொல்வர். கொடுத்ததற்குச் சான்று எங்கே என்று அரசு கேட்பதும், கொடையே சான்றாக வந்து நிற்பதுமாகிய இக்காட்சி டீட்சின் நீதிமன்றக் காட்சிக்குத் தமிழில் அமைந்த இணை. ஆனால் படத்துத் தீர்ப்போடு டீட்சுக்கு எல்லாம் நலமாய் முடிந்தது. கலைவாணரோ இறுதி நாள்களில் பொருள் நெருக்கடியில் இருந்தார். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

சீட்டில்லாத கொடைக்கு எதிர்ப்புறத்தில் நிற்பது சீட்டோடு கூடிய கொடை. அதற்கும் நம் தண்டிலேயே சான்று உண்டு. ராய் பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் ஒப்பந்த வேலைகளில் பொருளீட்டியவர். இன்று உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரிச் செங்கட்டடம் அவர் ஒப்பந்தத்தில் எழுந்ததே. அவர் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய பள்ளி அறக்கட்டளையாக வளர்ந்து, அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி இன்றும் நடக்கிறது. இதில் மடம் இல்லை, கணக்கு இருக்கிறது. பரணர் இதைப் பாடியிருப்பாரா என்பது ஐயமே! வள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் பிரித்து வைத்ததன் நுட்பம் இங்கே விளங்கும். ஊருணி நீர் நிறைந்ததைப் போன்றது ஒப்புரவாளன் செல்வம் என்றார் அவர். ஊருணியில் மொள்ள வருபவன் யாரையும் கைகூப்ப வேண்டியதில்லை. முதலியாரின் பள்ளியில் பாடம் கேட்ட பிள்ளை, கொடுத்தவரின் முகத்தைப் பார்த்திராமலே படித்து முடித்தது. கொடைமடத்தில் கொடுப்பவன் சிறக்கிறான். ஒப்புரவில் வாங்குபவன் தலைநிமிர்கிறான். நமக்கு இரண்டாவதே மேலானதாகத் தோன்றுகிறது. ஆயினும் முதலாவதைக் கேட்கும்போதுதான் கண் கலங்குகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் நின்றார். எதிர்த்து நின்றவர் அவ்வூரில் நற்பெயர் பெற்ற காங்கிரசு மருத்துவர். அண்ணாவுக்கு வாக்குக் கேட்க வந்த கலைவாணர், கூட்டத்தில் மருத்துவரின் கைராசியையும் ஏழைகள்பால் அவர் காட்டும் பரிவையும் நெடுநேரம் புகழ்ந்தாராம். கழகத்தார் திகைத்திருக்க, இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது, அவரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாவை அங்கே அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிரியை எள்ளாமலே சிரிக்க வைத்த அத்தேர்தலில் அண்ணா வென்றார்.

பத்தாண்டு கழித்து அவரே முதலமைச்சர். 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. மூன்று படி என்று சொன்னது ஒரு படியாயிற்றே என்று எதிர்க்கட்சியினர் ஏளனம் செய்தனர். அதற்கு மேல் கருவூலம் தாங்கவில்லை. அத்தகைய முடையிலும் மதுவிலக்கை மட்டும் அவர் கைவிடவில்லை. மதுவால் வரும் வருவாயைக் காட்டி வற்புறுத்தியோர் இருந்தும், நல்லதம்பிக்கு எழுதிய வசனத்தை அவர் மாற்றி எழுதவில்லை. அவர் மறைந்து இரண்டாண்டு கடந்தபின், 1971இல்தான் தமிழ்நாட்டில் கடைகள் திறக்கப்பட்டன.

நியூயார்க்கில் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்துகொண்டு 1968 இறுதியில் அண்ணா திரும்பினார். 1969 சனவரி 14, பொங்கல் நாளன்று, சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. அன்றுதான் தியாகராய நகரில் கலைவாணரின் சிலையை அவர் திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது. பிப்ரவரி 3ஆம் நாள் அவர் காலமானார்.